அப்பாவைக் கேட்காமல் நான் சொன்ன பதில்

அன்புள்ள தம்பி,

அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர். நம் தமிழ்ப் பெண்தான், முப்பது வயதுகூட இருக்காது. அவருக்குப் பின்னால் கணினி முன் ஒரு மலாய்த் தாதி. மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உன் அப்பா. அவரை ஒட்டி நான், மடியில் அறிக்கைகள் அடங்கிய பிளாஸ்டிக் கோப்போடு. கதவோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உன் சித்தப்பா. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு அவர்தான் காரோட்டி வந்தார். யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே நான் வாயைத் திறந்து ஒன்று சொன்னேன். அதைக் கேட்டது எத்தனை பேர் என்பதுதான் இப்போது நம் வீட்டில் இருக்கும் பெரிய சிக்கல். அந்த ஐந்து பேரில் நீ இல்லை. உனக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா சாமி படத்தின் முன்னால் என்னிடம் வாக்கு வாங்கினார். மூன்று வாரம் காப்பாற்றினேன். இன்றைக்கு மீறுகிறேன். அம்மன் என்னைக் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். உன் அப்பாவுக்குப் புற்றுநோய். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் என்ற சுரப்பியில் தொடங்கி, இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டது. அடியோடு குணப்படுத்த முடியாது, ஆனால் அடக்கி வைக்கலாம், பல பேர் வருஷக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். அடக்குவதற்கு இரண்டு வழி. அதில் எது என்று அடுத்த செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போய் அப்பா சொல்லியாக வேண்டும். அதுவரைக்கும் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அப்பா இரண்டு வழியும் வேண்டாம் என்கிறார். செவ்வாய்க்கிழமை போகவே மாட்டேன் என்கிறார். நோயைக் கண்ட பயம் என்று மற்றவர்கள் நினைக்கலாம். பயமும் இருக்கும். ஆனால் அவர் வாயை அடைத்தது நான்.

நீ ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவன். சில சொற்கள் தடுக்கினால் நின்று நின்று படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். இந்த வீட்டில் ஒருவர் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும் என்பது உனக்குத் தெரியாததா? ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கழுத்தெலும்பு தெரியாமல் இருக்க நான் போனை மேலே தூக்கிப் பிடித்தேன். போன வாரம் நீ, "என்னப்பா, இளைச்சிட்டீங்க?" என்று கேட்டாய். அவர் பதில் சொல்வதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டு, "டயட்டுலா, தம்பி. அம்மா சாப்பாடு அப்படி" என்றேன். நீ சிரித்தாய். அவரும் சிரித்தார். அவருக்காகப் பதில் சொல்வது எனக்கு அவ்வளவு பழகிப்போயிருக்கிறது.

எங்கே தப்புச் செய்தேன் என்று முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்பா லோரி ஓட்டுவதை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த சமயம், அடிக்கடி எழுந்து குளியலறைக்குப் போனார். செய்தி பார்த்துக்கொண்டிருப்பார், பாதியில் எழுந்து போவார். வந்து உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் திரும்பவும் போவார். நம் குடும்பத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தானே? உன் அப்பாயிக்கு இனிப்பு நீர். பெரிய அத்தைக்கு இனிப்பு நீர், ஒரு காலையே எடுத்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில், தாமானில் இருக்கும் கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்த்ததில், "சர்க்கரை கொஞ்சம் கூடத்தான் இருக்கு, பாத்துக்குங்க" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. அன்றைக்கே சீனி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். காலையில் பாகற்காய்ச் சாறு, பத்து மணிக்கு வெந்தயம் ஊறிய தண்ணீர், மாலைத் தேநீருக்குப் பாலும் சீனியும் இல்லாத தே ஓ. வெந்தயத் தண்ணீரை ஒரு பெரிய செம்பு நிறையக் கொடுத்துவிட்டு, ஏன் இன்னும் இத்தனை தடவை போகிறார் என்று அவரிடமே சண்டை போட்டேன். "வெளிய போயி ரொட்டி சானாய் தின்னீங்களா? தே தாரேக் குடிச்சீங்களா? உண்மையச் சொல்லுங்க" என்று விசாரணை. கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது மற்ற பெண்களிடம், என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீரை மருந்தில்லாமல் இறக்கிவிட்டேன் என்று பெருமையடித்தேன். இரண்டு பேர் பாகற்காய் அளவை எழுதிக்கொண்டு போனார்கள்.

ஆனால் அவர் ஒரு தடவை சொன்னார், தம்பி. அதை மறைக்க மாட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "இந்தாம்மா, எனக்கு நெறைய வரல. வர மாட்டேங்குது. நின்னுக்கிட்டே இருக்கேன்" என்றார். உன் அப்பா வாழ்நாளில் தன் உடம்பைப் பற்றி என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. நான் தலையை நிமிர்த்தவில்லை. "வயசானா அப்படித்தான். லோரி ஓட்டுறப்ப அடக்கி அடக்கி வச்சீங்க இல்ல, அதான்" என்றேன். பிறகு முதுகு வலி என்றார். அதற்கும் லோரியைத்தான் சொன்னேன், தைலம் தேய்த்துவிட்டேன். முப்பது வருஷம் கன்டெய்னர் லோரி ஓட்டியவருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விடை இருந்தது. படிக்காமல் தானாகக் கற்றுக்கொண்டவளுக்கு இது ஒரு வியாதி. தனக்குத் தெரிந்த இரண்டு விஷயத்தை வைத்துக்கொண்டே உலகம் முழுவதையும் அளந்துவிடுவாள். கடைசியில் ஒரு நாள் மூத்திரத்தில் ரத்தம் வந்த பிறகுதான் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சதை எடுத்துப் பார்த்தது, எல்லாம் முடிந்துதான் அந்த அறைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்.

இப்போது அந்த அறையில் நடந்தது. மகனுக்குத் தாய் எழுதக் கூடாதது, கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். ஆணின் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி, அதை நிறுத்தினால் நோய் அடங்கும் என்று டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். பிறகு, "அங்கிள், ரெண்டு சாய்ஸ் இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஊசி, தொடர்ந்து போட்டுக்கிட்டே இருக்கணும். இல்லன்னா சின்ன ஆப்பரேஷன், ஒரே தடவதான். ரெண்டு விதையையும் எடுத்துடுவாங்க. பலன் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அங்கிள் எத விரும்புறீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டார், குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். அந்த மௌனம் எனக்குப் பழகியது. பள்ளிக்கூடத்தில் உன் ஆசிரியர் கேட்டபோதும், வீட்டுக் கடனுக்குப் போனபோதும், உறவுக்காரர் பஞ்சாயத்திலும் அவர் இப்படித்தான் தரையைப் பார்ப்பார், நான் பேசுவேன். "எங்க வீட்ல வாய் அவளுக்கு, ஸ்டீரிங் எனக்கு" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அன்றைக்கும் அதே பழக்கத்தில் வாயைத் திறந்தேன். "எடுத்துடுங்கம்மா. ஒரே வேலையா முடிஞ்சிடும். இந்த வயசுல அத வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறாரு?" என்றேன்.

உன் சித்தப்பா சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் வந்த ஒரு சிரிப்பு. எங்கள் பேச்சு புரியாத அந்தத் தாதி, யாரோ ஏதோ வேடிக்கையாகச் சொன்னார்கள் என்று நினைத்து, அவரும் அப்பாவைப் பார்த்துப் புன்னகை செய்தார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆன்டி, அங்கிள்தான் சொல்லணும்" என்றார். அப்பா எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "யோசிச்சிட்டுச் சொல்றேன்மா" என்றார். தன் மகள் வயதுப் பெண்ணிடம், கைகட்டி நிற்கும் வேலைக்காரர் மாதிரி. நாற்பத்து மூன்று வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன். அப்படி ஒரு முகம் நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சித்தப்பா கூப்பிட்டார். அப்பா வேண்டாம் என்றார். கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. சுங்கை வே பக்கம் வரும்போது அப்பா சித்தப்பாவிடம், "தம்பி, பெட்ரோல் கடையில நிப்பாட்டு" என்றார். கழிப்பறைக்குள் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்று, "ஏங்க, முடியலையா? வலிக்குதா?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து, "நீ போ. வண்டியில போயி உக்காரு" என்று மட்டும் வந்தது. சித்தப்பா காருக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார். "நான் ஏன் சிரிச்சேன்னு எனக்கே தெரியல அண்ணி. சத்தியமா தெரியல. பயத்துல சிரிப்பு வந்துடுச்சி" என்றார். நான் அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன தகுதி?

அதற்கு அடுத்த நாள் காலை கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வந்தேன். முன்பு குடிக்கும் மாதிரியே தேநீரில் பாலை ஊற்றி, இரண்டு கரண்டி சீனி போட்டு, நுரை வர ஆற்றி அவர் முன்னால் வைத்தேன். ஒரு வாய் குடித்தார். "பழகிப்போச்சி. ரொம்ப இனிக்குது" என்று நகர்த்தி வைத்துவிட்டார். கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

அவர் இப்போது பகல் முழுவதும் போர்ச்சில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். எஞ்சினைப் போடுவதில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோவைச் சன்னமாக வைத்துக்கொண்டு, ஸ்டீரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். மீன் தூண்டில்களை எல்லாம் துடைத்துப் பக்கத்து வீட்டு அகமட்டிடம் கொடுத்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், போட்டதைச் சாப்பிடுகிறார், போகிறார். விஷயம் தெரிந்த இரண்டு மூன்று பேர் வந்து, "தைரியமா இருங்கண்ணே" என்கிறார்கள். ஒருவரிடம் மட்டும், "நான் எப்பப்பா தைரியம் இல்லாம இருந்தேன்?" என்று கேட்டார். வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். நீ அவரிடம் பேசினால் தைரியம் என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாதே.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை என்று நினைக்காதே. போன புதன்கிழமை காரில் அவர் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தேன். "நான் தெரியாமச் சொல்லிட்டேங்க" என்றேன். "நீ சரியாத்தான் சொன்ன. வயசுதான் ஆயிடுச்சே" என்றார். "அப்ப ஊசி போட்டுக்குங்க. அறுக்க வேணாம், எடுக்க வேணாம்." அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "ஊசியும் அதையேதான் செய்யும். அந்தப் பிள்ள சொல்லிச்சே, பலன் ஒண்ணுதான்னு. பந்திங் எஸ்டேட்ல எங்கப்பா மாடு வச்சிருந்தாரு. கெடாரிய விட்டுட்டுக் காளைக்குக் காயடிப்பாங்க. நான்தான் கயித்தப் புடிச்சிப்பேன். அதுக்கப்புறம் அது பேசாம நிக்கும். யாரு கூப்புட்டாலும் போவும்" என்றார். சொல்லிவிட்டு ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினார். இறங்கிப் போ என்பதற்கு அது அடையாளம். இறங்கி வந்துவிட்டேன். என்ன சொல்வது, தம்பி? "அப்படியெல்லாம் இல்லைங்க" என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? இனிப்பு நீர் என்று சொன்னவள்தானே நான்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைச் சீட்டில் அவர் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதிக் கொடுத்தேன். எப்போதும் அம்மனிடம் என் பட்டியல் தயாராக இருக்கும். உன் பரீட்சை, உன் விசா, அவருடைய லோரி, என்னுடைய முட்டி. அன்றைக்குத் தீபம் காட்டும்போது எதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். நோயை எடுத்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, டாக்டரே முடியாது என்கிறார். ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வை என்று கேட்டால், மறுபடியும் அவருக்காக நான் பதில் சொன்னதாகிவிடும். தீபத் தட்டு நகர்ந்து போய்விட்டது. திரும்பும்போது காய் நறுக்கும் கூட்டத்தில் ஒரு அக்கா, "அண்ணன் எங்கலா ரொம்ப நாளா காணோம்? இளைச்சிட்டாராமே, இனிப்பு நீர்தானே?" என்று கேட்டார். "ஆமாக்கா. இனிப்பு நீர்தான்" என்றேன். அப்போது எனக்கே என் மேல் அருவருப்பு வந்தது. தெரியாமல் சொன்ன பொய்யை இப்போது தெரிந்தே சொல்கிறேன்.

உன்னை ஏன் இதில் இழுக்கிறேன் என்றால், பத்தொன்பது வயதில் நீ மோட்டார் சைக்கிளில் விழுந்து தொடையெலும்பு உடைந்து கிடந்தாயே, அதை நினைத்துப் பார். ஆறு வாரம் படுக்கை. முதல் நாள் உன்னைத் துடைத்துவிட நான் வாளியோடு வந்தேன். வேலை முடிந்து எண்ணெய் அழுக்கோடு வந்த அப்பா என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டு, "நீ வெளிய போ. வயசுப் பையன்" என்றார். எனக்குக் கோபம். "பெத்தவ எனக்கு என்ன வெக்கம்?" என்றேன். "ஒனக்கு இல்ல. அவனுக்கு" என்று திரையை இழுத்துவிட்டார். அந்த ஆறு வாரமும் உன் மலம் மூத்திரம் எல்லாம் அவர்தான் எடுத்தார். திரைக்குப் பின்னால் நீங்கள் இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிப்பது கேட்கும். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். உன் மானத்துக்காக ஒரு திரையை இழுக்க அவருக்குத் தெரிந்தது. ஐந்து பேர் இருந்த அறையில் அவருக்காக ஒரு திரையை இழுக்க எனக்குத் தெரியவில்லை.

நீயும் நாளைக்கு ஒருத்தியோடு வாழப் போகிறவன். எவ்வளவு அன்பு இருந்தாலும் அவள் வாயிலிருந்து வர வேண்டிய பதிலை நீ சொல்லாதே. உன் பதிலை அவளிடம் விட்டுவிடாதே. பேசத் தெரியாதவர்கள் என்று யாரும் இல்லை, நாம் காத்திருக்கவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. இன்னொன்று. அப்பாவுக்கு இருப்பதால் மகன்களும் வயது வரும்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நீ இருக்கும் நாட்டு டாக்டரிடம் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள். வெட்கப்படாதே. முக்கியமாக, உடம்புக்கு ஏதாவது என்றால் என்னிடம் வைத்தியம் கேட்காதே.

இப்போது நான் உன்னிடம் கேட்பது. செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் அப்பாவிடம் பேசு. பெர்த்திலிருந்து வர முடிந்தால் வா. லீவு கிடைக்காவிட்டால் போனில் பேசு. என் போனுக்குக் கூப்பிடாதே, அவர் போனுக்குக் கூப்பிடு. காலை பத்து மணிக்கு மேல் அவர் காரில் இருப்பார். நான் அந்த நேரம் காய் வாங்கப் பாசாருக்குப் போய்விடுகிறேன். அம்மா சொல்லித்தான் தெரியும் என்றே சொல். இதிலும் ஒரு பொய் வேண்டாம். அவர் என் மேல் கோபப்பட்டால் படட்டும், நான்கு வார்த்தை திட்டினால்கூட எனக்கு நல்லதுதான். ஊசியா, ஆபரேஷனா என்று நீ அவரைத் தள்ளாதே. எதுவும் வேண்டாம் என்று அவர் முழு மனதோடு முடிவெடுத்தால், அதைத் தாங்கத்தான் வேண்டும், எப்படி என்று தெரியாவிட்டாலும். ஆனால் நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக அவர் சாகக் கூடாது. என்ன பேச வேண்டும் என்று என்னைக் கேட்காதே. தெரிந்திருந்தால் நானே பேசியிருப்பேன்.

இந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். வந்து சேர்ந்ததும் என் போனிலிருந்து அழித்துவிடுவேன். நீ எந்த நாள், எத்தனை மணிக்கு அப்பாவைக் கூப்பிடுவாய் என்று எனக்கு ஒரு வரி எழுது. முடியாது என்றாலும் முடியாது என்று எழுது, நான் வேறு வழி பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், தம்பி.

அம்மா